மண்டையோடு இல்லாத லேபிள்: ஸ்டைரீனின் ஆபத்தை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

ஸ்டைரீன் டிரம்மின் லேபிளில் சிவப்பு விளிம்பு போட்ட மூன்று சாய்சதுரங்கள் இருக்கும். ஒன்றில் தீச்சுடர், இன்னொன்றில் ஆச்சரியக்குறி. மூன்றாவதில் ஒரு மனித உருவம், அதன் மார்பில் நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு. நாள்பட்ட உடல்நலக் கேட்டைக் குறிக்கும் படம் அது. விஷத்துக்கான மண்டையோடு மட்டும் இருக்காது. 2020 மே 7 அன்று அதிகாலை 3 மணி அளவில், விசாகப்பட்டினத்தில் ஆர்.ஆர். வெங்கடாபுரம் பகுதியில் இருந்த எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஆவியாக வெளியேறி 12 பேரின் உயிரைப் பறித்தது இதே ஸ்டைரீன்தான்.

அப்படியானால் லேபிள் பொய் சொல்கிறதா? இல்லை. உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதிகளின்படி அந்த லேபிள் சரியானது. ஒரு வேதிப்பொருளை எந்த அளவுகோலால் அளந்து எந்தப் பெட்டிக்குள் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தால், லேபிள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது புரியும். ரசாயனங்களோடு வேலை செய்பவர்களுக்கும், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டைரீன் நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். மிகக் குறைந்த அளவில் இனிப்பு வாடை. அளவு கூடினால் மூக்கைத் துளைக்கும் நெடி. 145 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் பாலிஸ்டைரீன் கிடைக்கும். டிவி பெட்டிக்குள் வரும் தெர்மோகோல், ஒருமுறை பயன்படுத்தும் கப், பிரிட்ஜின் உள் பாகங்கள் என்று வீட்டில் பல இடங்களில் அது இருக்கிறது. பைபர் படகு செய்யும் ரெசினிலும் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. சங்கிலியாகிவிட்ட பாலிஸ்டைரீனுக்கு ஸ்டைரீனின் நச்சுக் குணங்கள் கிடையாது. இங்கே நாம் பேசுவது சங்கிலியாகாத, தனித்த திரவத்தைப் பற்றி.

வகைப்படுத்தும் முறைக்குப் பெயர் ஜிஎச்எஸ். ஒரே பொருள் ஒரு நாட்டில் விஷம், இன்னொரு நாட்டில் சாதாரணச் சரக்கு என்று லேபிள்கள் முரண்பட்டுக் கிடந்ததை மாற்ற, 1992 ரியோ மாநாட்டில் எடுத்த முடிவிலிருந்து பிறந்தது இது. ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் முதல் பதிப்பை வெளியிட்டது. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். தீ, வெடிப்பு, அரிப்பு போன்ற பௌதிக ஆபத்துகள் ஒரு பக்கம், உடல்நல ஆபத்துகள் இன்னொரு பக்கம், சுற்றுச்சூழல் தனியாக. ஒவ்வொரு ஆபத்துக்கும் 1, 2, 3 என்று பிரிவுகள். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். பிரிவு 4-ஐ விடப் பிரிவு 1 தான் மோசம்.

பௌதிக ஆபத்திலிருந்து தொடங்கலாம். ஸ்டைரீன் தீப்பிடிக்கும் திரவம், பிரிவு 3. இதை முடிவு செய்வது பிளாஷ் பாயின்ட் என்னும் அளவு. ஒரு திரவத்தை மெல்லச் சூடாக்கிக்கொண்டே போய், அதன் மேற்பரப்புக்கு அருகே சிறு சுடரைக் காட்டினால், எந்த வெப்பநிலையில் அதன் ஆவி முதன்முதலில் குப்பென்று பற்றுகிறதோ அதுதான் பிளாஷ் பாயின்ட். 23 டிகிரிக்குக் கீழே என்றால் பிரிவு 1 அல்லது 2. கொதிநிலை 35 டிகிரியைத் தாண்டாவிட்டால் 1, தாண்டினால் 2. 23 முதல் 60 வரை பிரிவு 3. அதற்கு மேல் 93 வரை பிரிவு 4. ஸ்டைரீனுக்கு 31 டிகிரி. ஒப்பிட்டுப் பார்க்க: அசிட்டோனுக்கு மைனஸ் 20, எனவே பிரிவு 2. நம் ஊர் மண்ணெண்ணெய்க்குக் குறைந்தது 35 இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு, ஆகவே அதுவும் பிரிவு 3.

இந்த 31 என்ற எண்ணுக்குப் பின்னால் அழகான ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டைரீன் ஆவி காற்றில் சுமார் 1 சதவீதத்துக்கு மேல் கலந்திருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் கீழே எரிபொருள் போதாது. 20 டிகிரியில் மூடிய பாத்திரத்துக்குள் ஸ்டைரீன் எவ்வளவு ஆவியாகி நிறைந்தாலும் 0.66 சதவீதத்தைத் தாண்டாது. வெப்பம் ஏற ஏற ஆவியும் கூடும். 30 டிகிரியைக் கடக்கும்போது அந்த 1 சதவீத எல்லையை எட்டிவிடும். அதாவது பிளாஷ் பாயின்ட் என்பது ஆய்வகத்தில் யாரோ வைத்த தன்னிச்சையான எண் கிடையாது.

ஆனால் பிரிவு 3 என்ற எண் எந்த ஊர் வெயிலில் படிக்கப்படுகிறது என்பது முக்கியம். ஹாம்பர்க்கிலோ ராட்டர்டாமிலோ ஆண்டின் பெரும்பகுதி ஸ்டைரீன் தன் பிளாஷ் பாயின்ட்டுக்கு வெகு கீழே இருக்கும். விசாகப்பட்டினத்திலும் சென்னையிலும் மே மாதம் நிழலிலேயே 31 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே குளிர்காலத்தில் ஓரளவு நிதானமாகக் கையாளக்கூடிய திரவம், இங்கே கோடையில் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் திரவம். லேபிள் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சரி, உடல்நல ஆபத்துக்கு வருவோம். மண்டையோடு ஏன் இல்லை என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

உடனடி நச்சுத்தன்மையை அளக்க எலிச் சோதனைகளைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். ஆவியை 4 மணி நேரம் சுவாசிக்க வைத்து, எலிகளில் பாதி இறக்கும் செறிவைக் கணக்கிடுவார்கள். ஒரு லிட்டர் காற்றில் 0.5 மில்லிகிராமுக்குள்ளேயே அது நடந்தால் பிரிவு 1. 2 வரை என்றால் பிரிவு 2, 10 வரை பிரிவு 3, 20 வரை பிரிவு 4. முதல் மூன்று பிரிவுகளுக்கு மட்டும்தான் மண்டையோடு. நான்காவதுக்கு ஆச்சரியக்குறி, கூடவே 'சுவாசித்தால் தீங்கு தரும்' என்ற வாசகம். ஸ்டைரீனுக்கு எலிகளில் கிடைத்த எண் 11.8. எல்லை 10. இன்னும் கொஞ்சம் கீழே இருந்திருந்தால் படமே மாறியிருக்கும்.

எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் தொழிற்சாலைகளில் எளிதாக ஊறிவிடுகிறது. 11.8 என்பது காற்றில் சுமார் 2,770 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,770 பங்கு. 20 டிகிரியில் மூடிய தொட்டிக்குள் ஸ்டைரீன் ஆவி 0.66 சதவீதம், அதாவது 6,600 பிபிஎம் வரை நிறையும் என்று மேலே பார்த்தோம், அதாவது அந்த அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுத்தம் செய்வதற்காகக் காலித் தொட்டிக்குள் இறங்கும் ஒருவருக்கு, லேபிளில் உள்ள பிரிவு 4 எந்தக் காப்பும் தராது. உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் வைத்திருக்கும் அளவு 700 பிபிஎம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் ஸ்டைரீன் முழுவதும் ஆவியாகி, எலிகளில் பாதியைக் கொன்ற அதே செறிவில் பரவினால் எவ்வளவு இடத்தை நிரப்பும்? சுமார் 85,000 கன மீட்டர். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலமுள்ள ஒரு குடியிருப்பை எட்டு மீட்டருக்கு மேல் உயரமாக மூடிவிடும். விசாகப்பட்டினத் தொட்டியில் இருந்தது சுமார் 1,800 டன். அதில் ஒரு பகுதி வெளியேறினாலே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. மேலே கிளம்பிக் கலைந்துபோகாமல் தரையோடு ஊர்ந்து தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். அது அதிகாலை, ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடியவர்களில் பலர் சாலையிலேயே சுருண்டு விழுந்தார்கள்.

வகைப்படுத்தல் பொருளின் குணத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலிலும் 1,800 டன் தொட்டியிலும் ஒட்டப்படுவது அதே ஆச்சரியக்குறிதான். போபாலில் 1984-ல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு மண்டையோடு உண்டு. மிகக் குறைந்த செறிவிலேயே அது கொல்லும். பென்சீனை எடுத்துக்கொண்டால் நிலைமை நேர்மாறு. எலிச் சோதனையில் அதன் எண் 40-க்கும் மேல் என்பதால் சுவாசிப்பதற்கான உடனடி நச்சு என்ற தலைப்பிலேயே அது வராது. ஆனால் மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று நிறுவப்பட்ட பொருள், புற்றுநோய்ப் பிரிவு 1ஏ. ஒரே ஒரு படத்தைப் பார்த்து மோசம், பரவாயில்லை என்று பொருள்களை வரிசைப்படுத்த முடியாது என்பதற்கு இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

தோல் எரிச்சல், கண் எரிச்சல் இரண்டிலும் ஸ்டைரீன் பிரிவு 2. இதில் சர்ச்சை இல்லை. கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் வறண்டு வெடிக்கும், ஆவி பட்டால் கண் கரிக்கும். திரவத்தை விழுங்கி அது நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்ற வகையிலும் தயாரிப்பாளர்கள் பலர் இதைச் சேர்க்கிறார்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்ற அறிவுரை அதனால்தான் வருகிறது.

நாள்பட்ட பாதிப்புதான் விஷயம் அடர்ந்த இடம். ஐரோப்பாவின் பொதுப் பட்டியலில் 2014 வரை ஸ்டைரீனுக்கு இருந்தவை தீ, சுவாச நச்சு, தோல் எரிச்சல், கண் எரிச்சல் ஆகியவை மட்டுமே. லேபிளில் 'எச்சரிக்கை' என்ற மென்மையான சொல். 2014 திருத்தத்தில் இரண்டு புதிய வகைகள் சேர்ந்தன. ஒன்று, கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம் என்ற ஐயம், பிரிவு 2. இன்னொன்று பலர் எதிர்பார்க்காதது: நீண்ட நாள் சுவாசித்தால் காது கேட்கும் உறுப்புகளைச் சிதைக்கும், பிரிவு 1. 'எச்சரிக்கை' போய் 'அபாயம்' என்ற கடுமையான சொல் அந்தப் பட்டியலில் வந்தது காதுக்கான இந்தப் பிரிவால்தான்.

ஒரு கரைப்பான் காதை எப்படிக் கெடுக்கும்? சுவாசித்த ஸ்டைரீன் ரத்தத்தில் கலந்து உள்காதின் நத்தை எலும்பை அடைகிறது. ஒலியை வாங்கிப் பெருக்கித் தரும் வெளிமுடிச் செல்களை அது அங்கே கொல்கிறது. எலிச் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. அந்தச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. சத்தமும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு தனித்தனி பாதிப்புகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாகிறது. கிரைண்டர் ஓடும் ஒரு பட்டறையில் வேலை செய்பவருக்குக் காது மந்தமானால், எல்லாரும் சத்தத்தைத்தான் காரணம் சொல்வார்கள். மருத்துவரும் அப்படித்தான் எழுதுவார். ரெசின் வாடையை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த ஒரு வகைப்பாட்டுக்காகவே ஸ்டைரீன் லேபிளை மறுபடி படிக்கச் சொல்வேன்.

அப்புறம் புற்றுநோய். இதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, ஸ்டைரீனை நெடுநாள் 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற இடத்தில் வைத்திருந்தது. 2018-ல் கூடிய குழு அதை 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது; 'அநேகமாகத் தரும்' என்று பொருள். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2011-லேயே தன் அறிக்கையில் ஸ்டைரீனைச் சேர்த்துவிட்டது. ஐரோப்பியப் பொதுப் பட்டியலின் அந்த 2014 திருத்தத்தில் காதும் கருவும் இடம்பெற்றன, புற்றுநோய் இடம்பெறவில்லை.

ஒரே பொருள், ஏறக்குறைய அதே தரவு, வேறு வேறு முடிவுகள். எப்படி? ஸ்டைரீனைச் சுவாசித்த சுண்டெலிகளுக்கு நுரையீரலில் கட்டிகள் வந்தன. பெரிய எலிகளுக்கு வரவில்லை. சுண்டெலியின் நுரையீரலில் இருக்கும் ஒரு நொதிதான் ஸ்டைரீனை அங்கேயே ஆபத்தான பொருள்களாக மாற்றுகிறது, மனித நுரையீரலில் அது அந்த அளவுக்கு நடப்பதில்லை என்பது ஒரு தரப்பின் வாதம். மனித உடலிலும் ஸ்டைரீன் ஆக்சைடு உருவாகி மரபணுவோடு ஒட்டத்தானே செய்கிறது என்பது மறுதரப்பு. விந்தை என்னவென்றால், அந்த ஸ்டைரீன் ஆக்சைடுக்கு ஐரோப்பியப் பட்டியலிலேயே புற்றுநோய்ப் பிரிவு 1பி உண்டு. தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் சிக்கல் இருக்கிறது. செயற்கை ரப்பர் ஆலைகளில் ஸ்டைரீனோடு பியூட்டாடையீனும் இருக்கும். அது தனியாகவே புற்றுநோய் தருவது. பைபர் தொழிலில் கலப்பு குறைவு, ஆனால் அங்கே பலர் குறுகிய காலமே வேலையில் இருப்பார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஐஏஆர்சி பிரிவும் சரி, ஜிஎச்எஸ் புற்றுநோய்ப் பிரிவும் சரி, சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கின்றன. எவ்வளவு பட்டால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதைச் சொல்வதில்லை. '2ஏ பட்டியலில் இருக்கிறது' என்று பதறுவதும், 'பட்டியலில் இல்லை' என்று நிம்மதியாவதும் இரண்டுமே அவசரம். என் கருத்தைக் கேட்டால், சான்று இழுபறியில் இருக்கும்போது தொழிலாளியின் மூச்சுக்காற்றில் அளவைக் குறைப்பதற்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காதுக்காகக் குறைத்தாலே புற்றுநோய்க்கும் சேர்த்துக் குறைத்ததாகிவிடும். அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்கள் சங்கம் 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைத்த அளவை 20 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறக்கியிருக்கிறது. நம் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் இருந்த அளவு 50.

இதுவரை சொன்ன எந்தப் பிரிவும் விசாகப்பட்டினத்தில் தொட்டி ஏன் கொதித்தது என்பதை விளக்காது. அங்கே தீ இல்லை, பொறி இல்லை. தொட்டிக்குள் நடந்தது ஸ்டைரீன் தானாகவே பாலிமராக, அதாவது மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலியாக, மாறிய வினை.

ஸ்டைரீன் மூலக்கூறுகளுக்கு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இயல்பு எப்போதும் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் மெதுவாக நடக்கும். ஒவ்வொரு இணைப்பும் வெப்பத்தை வெளியிடும். வெப்பம் கூடினால் இணைப்பு வேகம் கூடும். வேகம் கூடினால் வெப்பம் இன்னும் கூடும். ஒரு கிலோ ஸ்டைரீன் முழுக்கப் பாலிமரானால் சுமார் 670 கிலோஜூல் வெளிவரும். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிலோவை ஆவியாக்கத் தேவைப்படுவதோ 360 கிலோஜூல் அளவுதான். ஆக, பாலிமராகும் ஒவ்வொரு கிலோவும் பக்கத்தில் இருக்கும் கொதிக்கும் திரவத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஆவியாக்கி அனுப்பிவிடும்.

இதைத் தடுக்க டிபிசி என்ற தடுப்பானைக் கலக்கிறார்கள். பத்து லட்சத்தில் 10 முதல் 15 பங்கு போதும். புதிதாகத் தொடங்கும் சங்கிலியை அது வெட்டிவிடும், வெட்டும்போது தானும் செலவாகும். ஆகவே அளந்து பார்த்து மீண்டும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது வேலை செய்யத் திரவத்தில் கொஞ்சம் ஆக்சிஜனும் கரைந்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், டிபிசி எளிதில் ஆவியாகாது. ஸ்டைரீன் ஆவி தொட்டியின் கூரையில் குளிர்ந்து துளியாகத் தங்கும்போது அந்தத் துளியில் தடுப்பான் இருக்காது. கூரையின் உள்பக்கம் பாலிமர் விழுதுவிழுதாகத் தொங்குவதும், காற்றுப்போக்கி அடைத்துக்கொள்வதும் இதனால்தான். தடுப்பான், குளிர்ச்சி, கலக்கல், ஆக்சிஜன் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஸ்டைரீன் அமைதியாக இருக்கும்.

விசாகப்பட்டின விபத்தை விசாரிக்க ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு, 2020 ஜூலையில் கொடுத்த அறிக்கையில் இந்தக் காப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றதை எழுதியிருக்கிறது. ஊரடங்கால் உற்பத்தி நின்று தொட்டி நிறைய ஸ்டைரீன் அசையாமல் கிடந்தது. போதுமான டிபிசி சேர்க்கப்படவில்லை. குளிரூட்டும் இயந்திரம் இரவில் நிறுத்தப்பட்டது. 2019 டிசம்பரில் குழாய் அமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால் தொட்டிக்குள் சுழற்சி கெட்டு, மேலடுக்கும் கீழடுக்கும் கலக்காமல் பிரிந்து நின்றன. வெப்பநிலைக் கருவி இருந்ததோ தொட்டியின் அடிப்பகுதியில். அடியில் குளிர்ந்த திரவம். கட்டுப்பாட்டு அறையில் நல்ல எண். மேலடுக்கு சூடேறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஊரை எழுப்பியிருக்க வேண்டிய சைரனும் ஒலிக்கவில்லை.

இப்படித் தானாகப் பாலிமராகும் குணத்துக்கு ஜிஎச்எஸ் முறையில் அப்போது தனி வகையோ தனிப் படமோ கிடையாது. தானாக வினைபுரியும் பொருள்கள் என்று ஒரு வகை உண்டு. ஆனால் அது சிதைந்து வெப்பம் விடும் பொருள்களுக்கானது. ஸ்டைரீன் சிதைவதில்லை, சேர்கிறது. அதனால் அந்த வகைக்குள் வராது. சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. விதிகளில் பாலிமராகும் பொருள்கள் என்ற பிரிவு 2015-ல் சேர்க்கப்பட்டது. அதிலும் வேறு ஏதாவது ஆபத்து வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு இடமில்லை. ஸ்டைரீன் தீப்பிடிக்கும் திரவம் என்று வகுப்பு 3-ல் முன்பே பதிவாகியிருப்பதால் அங்கேயே தொடர்கிறது. 2055 என்ற எண்ணோடு அதற்கு வழங்கும் போக்குவரத்துப் பெயரில் 'நிலைப்படுத்தப்பட்டது' என்று சேர்த்திருக்கிறார்கள். தடுப்பான் கலக்காமல் இதை லாரியில் ஏற்றக் கூடாது என்பது அதன் பொருள். பயணத்துக்கு இந்தக் கவனம் இருக்கிறது. மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும் சரக்குக்கு அது ஆலையின் பொறுப்பு.

தகவல் எங்குமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வேதிப்பொருளோடும் வர வேண்டிய பாதுகாப்புத் தரவுத்தாளில் 16 பகுதிகள் உண்டு. படங்களும் பிரிவு எண்களும் 2-ம் பகுதியில் இருக்கும். நிலைத்தன்மையும் வினைத்திறனும் 10-ம் பகுதியில். ஸ்டைரீனின் 10-ம் பகுதியைத் திறந்தால், தடுப்பான் தீர்ந்தாலோ சூடேறினாலோ கட்டுக்கடங்காமல் பாலிமராகும் என்று எழுதியிருக்கும். லேபிளுக்காக 2-ம் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மீதியைக் கோப்பில் வைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர்கள் ஸ்டைரீன், அக்ரிலேட் போன்றவற்றுக்கு 10-ம் பகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? போபாலுக்குப் பிறகு வந்த 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அபாயகர ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989-ல் வந்தன. அவற்றுக்கு ஜிஎச்எஸ் இல்லை. சொந்த அளவுகோல் இருக்கிறது. சுவாச நச்சு என்று சொல்ல, எலிச் சோதனை எண் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 11.8 கொண்ட ஸ்டைரீன் அதன்படி நச்சுப்பொருள் ஆகாது. நல்லவேளையாக, அளவுகோலோடு நிற்காமல் பெயர்ப் பட்டியல் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். அதில் 583-வது பதிவு ஸ்டைரீன். விபத்து நடந்த மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தப் பதிவைச் சுட்டிக்காட்டித்தான், 50 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்ட நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

பெரிய ஆலைகளை விட்டுவிட்டு நம் கடற்கரைக்கு வந்தால், ஸ்டைரீனை அன்றாடம் சுவாசிப்பவர்கள் பைபர் படகுப் பட்டறைக்காரர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் பைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, அதன் மேல் ரெசினை ரோலரால் தேய்த்துத் தேய்த்து அடுக்குகிறார்கள். அந்த ரெசினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஸ்டைரீன். தேய்க்கும்போதும் இறுகும்போதும் அதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றுக்கு வருகிறது. படகின் உள்பக்கம் குனிந்து வேலை செய்பவர், கனமான அந்த ஆவி தேங்கும் குழிக்குள்தான் மூச்சு விடுகிறார். தலை கிறுகிறுப்பு, மாலையில் சோர்வு, கவனம் சிதறுவது எல்லாம் அங்கே சகஜம். டீ குடித்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். வாடை பழகிப்போனால் மூக்கு அதைக் கவனிப்பதையும் நிறுத்திவிடும். எனவே வாடை வரவில்லை என்பதை அளவுகோலாக வைக்க முடியாது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதும் தூசி முகமூடி போடுவதும் ஸ்டைரீனுக்குப் பயன்படாது. துகளை அவை ஓரளவு தடுக்கும். ஆவி நேராக ஊடுருவி வரும். கரிமக் கரைப்பான்களுக்கான கரி நிரப்பிய வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், அந்த வடிகட்டியையும் காலத்துக்கு மாற்ற வேண்டும். கூரைக்கொட்டகையின் பக்கங்களைத் திறந்துவிட்டு, படகின் அடிக்குழியிலிருந்து காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைத்தால் அதைவிடப் பெரிய பலன். பட்டறையில் இருக்கும் மற்றப் பொருள்களுக்கும் தனித்தனி வகைப்பாடு உண்டு: கை கழுவும் அசிட்டோன் தீப்பிடிக்கும் திரவம் பிரிவு 2, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு பெராக்சைடு. அதையும், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடித்துவிடும்; ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அனுபவமுள்ள மேஸ்திரிகளுக்கு இது கைவந்த பாடம். காதைப் பற்றிய பிரிவு 1 மட்டும் இன்னும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. ரெசின் கையாளும் ஒருவர் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் கேட்கும்திறன் சோதனை செய்துகொண்டால், பேச்சு புரியாத நிலைக்குப் போகும் முன்பே குறைபாடு தெரிந்துவிடும். ஆடியோகிராம் எடுக்கும்போது சத்தத்தோடு ரெசின் வேலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.